புள்ளி தெரிகிற திரை

ஜூலை 1, திங்கள்

கணினி இன்று காலை ஒன்பதே காலுக்குப் போய்விட்டது. முதலில் உள்ளே விசிறி இரைந்தது. பிறகு திரை நீலமானது. பிறகு ஒன்றுமில்லை. பதினொரு வருடம் உழைத்தது. என் கணவர் இறப்பதற்கு எட்டு வருடம் முன்பு வாங்கியது.

போகிறபோதும் ஒரு மரியாதையோடு போயிருக்கிறது. கான்வென்ட் நூற்றாண்டு விழா அழைப்பிதழின் மெய்ப்பைப் போன வாரமே அதில் பார்த்து முடித்துவிட்டேன். ‘பார்த்தேன். அச்சிடலாம். செ.ஞா.’ என்று சீட்டு எழுதி வெள்ளிக்கிழமை காலை அச்சகத்துக்கு அனுப்பியாயிற்று. செசிலி ஞானப்பிரகாசம் என்று முழுதாக எழுதும் வழக்கமில்லை. பாடநூல் பதிப்பகத்தில் முப்பத்தொரு வருடம் இந்தச் சீட்டைத்தான் எழுதினேன். நான் சீட்டுக் கொடுத்த ஒரு புத்தகத்திலும் பிழைதிருத்தத் தாள் ஒட்ட நேர்ந்ததில்லை.

விழா மலர் தொண்ணூற்றாறு பக்கம். இருபதாம் தேதி மெய்ப்புக்கு வருகிறது. அதற்குள் புதுக் கணினி வேண்டும்.

பெனிட்டாவிடம் போனில் சொன்னேன். என் மகள் பெங்களூரில் இருந்துகொண்டே திண்டுக்கல்லில் உள்ள எல்லாவற்றுக்கும் தீர்வு வைத்திருப்பவள்.

“ஆல்-இன்-ஒன் வாங்கும்மா. ஸ்க்ரீனுக்குள்ளயே எல்லாம் இருக்கும். ஒரே ஒயரு. நாளைக்கு நீ இங்க வர்றப்ப ஒரே டப்பாவுல போட்டு எடுத்துட்டு வந்துரலாம்.”

நாளைக்கு என்றால் எந்த நாள் என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.

இந்த வருட டைரியில் கோடுகளை நேராக அச்சிடவில்லை. பக்கத்தின் நடுவில் தொய்கின்றன.

ஜூலை 2, செவ்வாய்

ஊசியில் நூல் கோக்க முக்கால் மணி நேரம். ஊசிக்கு ஒழுங்காகக் காது வைக்கக்கூட இப்போது ஆளில்லை. ரவிக்கைக்கு ஊக்கு குத்திக்கொண்டேன்.

ஜூலை 4, வியாழன்

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சாதிக்கின் கடைக்குப் போனேன். பழைய கணினியை மூன்று முறை பிழைக்க வைத்தவர் அவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். வாடிக்கையாளரை நிற்க வைத்துப் பேசமாட்டார். அதனால்தான் அங்கே போகிறேன்.

தாளில் இரண்டு பத்தியாக எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஆல்-இன்-ஒன் பக்கம் ஐந்து குறிப்பு: இடம் குறைவு, தூசி குறைவு, மேசைக்கு அழகு, காலில் பெட்டி இடிக்காது, ஒயர்க் குப்பை இல்லை. தனித்தனி பக்கம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

சாதிக் தாளைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

“ஆல்-இன்-ஒன் அழகுதாம்மா. நான் இல்லேங்கல. ஆனா அது ஒட்டுக்குடித்தனம். ஸ்க்ரீன் போனாலும் மொத்தமும் ஆஸ்பத்திரிக்குப் போகும், உள்ள போர்டு போனாலும் மொத்தமும் போகும்.”

“தனித்தனின்னா?”

“பாகம் பிரிச்ச அண்ணன் தம்பி மாதிரி. நடுவுல ஒயரு சண்டை இருக்கும். ஆனா ஒருத்தர் படுத்தா இன்னொருத்தர் நிப்பாரு. நாளைக்குப் பெரிய ஸ்க்ரீன் வேணும்னா அத மட்டும் மாத்திக்கலாம்.”

“பெருசு எதுக்கு? எனக்கென்ன தியேட்டரா நடத்தணும்?”

இரண்டையும் போட்டுக் காட்டினார். நான் எப்போதும் ஒரு அட்டவணையைத் திறந்துதான் திரையைச் சோதிப்பேன். கோடு சொல்லிவிடும். ஆல்-இன்-ஒன்னில் நடுக்கோடுகள் வளைந்திருந்தன. தனி மானிட்டரிலும் அப்படியே.

“என்ன சாதிக், ரெண்டும் மட்டம்?”

அவர் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “பழைய ஸ்டாக்கா இருக்கும்மா. யோசிச்சுட்டு வாங்க, அவசரமில்ல” என்றார்.

வரும் வழியில் ஆட்டோ பெரிய மேட்டில் ஏறி இறங்கியது. மேடு இருந்ததாகவே எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 6, சனி

பதினொரு மணிக்குச் சிஸ்டர் வின்சென்சியா போன் செய்தார். கான்வென்ட் தலைமையாசிரியை. என்னைவிட இருபது வயது இளையவர், ஆனால் அந்த உடுப்புக்குரிய மரியாதையைக் கொடுத்துத்தான் பேசுவேன்.

“ஸ்தோத்திரம் சிஸ்டர்.”

“செசிலிம்மா, இன்விடேஷனப் பாத்தீங்களா?”

“இன்னும் கைக்கு வரலியே.”

“வந்ததும் மூணாவது வரியப் பாருங்க. அத என் வாயால சொல்ல வைக்காதீங்க. நானூறு போஸ்ட் பண்ணியாச்சு. ஆயர் இல்லத்துக்கும் போயாச்சு.”

மாலையில் அழைப்பிதழ் வந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ‘பெண் கல்விக்குத் தங்கள் வாழ்வை முழுமையாக அர்ப்பணித்த நம் அருட்சகோதரிகள்’ என்று இருக்க வேண்டும். எல்லாச் சொல்லும் இருக்கின்றன. ‘ல்’ மேல் புள்ளி மட்டும் இல்லை. தமிழ் படித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. அந்தச் சொல்லை நான் இங்கே எழுதப்போவதில்லை.

சிஸ்டரை அழைத்து, “நான் பாத்த மெய்ப்புல புள்ளி இருந்துச்சு” என்றேன்.

“நிச்சயமா?”

“சிஸ்டர், முப்பத்தொரு வருஷம்.”

“அப்ப அச்சகத்துலதான் ஏதோ பண்ணியிருக்காங்க. நான் பேசிக்கிறேன்” என்றார்.

ஜூலை 7, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்தபோது வாசலில் நின்றிருந்த கூட்டம் சட்டென்று பேச்சை நிறுத்தியது. என்னோடு அதே கான்வென்டில் எஸ்.எஸ்.எல்.சி. படித்த ரெஜினாவுக்கு மட்டும் நிறுத்தத் தெரியாது.

“ஏன்டி செசிலி, நாம அங்க என்ன படிச்சோம்னு இப்பத்தானே தெரியுது? நான் வேற கணக்குல ஃபெயிலாயிட்டேன்னு அன்னிக்கு அழுதேன்.”

கூட்டம் வெடித்துச் சிரித்தது. நான் குடையை விரித்துக்கொண்டு நடந்தேன். வெயில்கூட இல்லை.

நாலு மணிக்கு மலர்விழி வந்தாள். அச்சகத்தில் டி.டி.பி. வேலை பார்ப்பவள். ஒன்பது வருடமாக என்னிடம் மெய்ப்பு கொண்டுவருகிறாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

“நான் அடிச்ச ஃபைலு எங்க சிஸ்டத்துல இருக்குதும்மா. அதுல புள்ளி இல்ல. நீங்க பாத்து முடிச்ச பிறகு நான் கை வச்சு எதையோ தட்டிவிட்டேன்னு மொதலாளி சொல்றாரு. சத்தியமா நான் தொடலம்மா.”

“நான் புள்ளியைப் பாத்தேன் மலர்.”

“நீங்க தப்பா சொல்வீங்கன்னு நான் சொல்லவே இல்லம்மா. நீங்க கொம்பு, கால், புள்ளி எதையும் விடமாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும். அதான் எனக்குப் புரியல. உங்களுக்குக் குடுத்த பென் டிரைவ் இருக்குல்ல? அதப் போட்டுப் பாத்தா தெரிஞ்சிரும்.”

மின்னஞ்சலில் வந்தால் எழுத்துரு உடைகிறது என்று பென் டிரைவில்தான் கொண்டுவரச் சொல்வேன். அது என்னிடம்தான் இருக்கிறது. வேறு எங்கும் அந்தக் கோப்பு அந்தத் தேதியில் இல்லை.

“என் கணினி போயிடுச்சு. புதுசு வரட்டும், பாக்கறேன்.”

“சீக்கிரம் பாருங்கம்மா. பெரியவ இந்த வருஷம் பத்தாவது. நான் வீட்ல உக்காந்தா ஆகாது.”

காபி கொடுத்தேன். குடித்துவிட்டு, “உப்பா இருக்கேம்மா” என்று சொல்லாமல் போனாள். டம்ளரில் மிச்சம் இருந்ததைக் குடித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. டப்பாக்கள் எல்லாவற்றையும் ஒரே மாதிரி செய்கிறார்கள்.

ஜூலை 9, செவ்வாய்

பெனிட்டா என்னைக் கேட்காமல் சாதிக்கிடம் பேசி ஆல்-இன்-ஒன் அனுப்பச் சொல்லியிருக்கிறாள். பத்து மணிக்கு வந்தது. வெள்ளை நிறம். கட்டுரைப் போட்டியில் கொடுக்கும் கேடயம் மாதிரி மேசையில் நின்றது.

அட்டவணையைத் திறந்தேன். நடுவில் கோடு வளைகிறது. அங்கே ஒரு சாம்பல் கறையும் இருக்கிறது. துணியால் துடைத்தேன். நான் எங்கே பார்க்கிறேனோ அங்கே கறை நகர்கிறது. மிக மோசமான தயாரிப்பு.

சாதிக் தானே வந்தார். ஸ்கேலை எடுத்துத் திரையின் மேல் கோட்டுக்கு நேராக வைத்தார்.

“இதுல ஸ்க்ரீன் மட்டும் மாத்தித் தர முடியாதும்மா. மாத்துனா முழு செட்டையும் மாத்தணும்.”

“அப்ப எடுத்துட்டுப் போங்க.”

“சரிம்மா. கண்ணாடி எப்ப மாத்துனீங்க?”

“நான் மானிட்டரைப் பத்திப் பேசறேன் சாதிக்.”

எடுத்துக்கொண்டு போனார். போவதற்கு முன், பென் டிரைவை அதில் போட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் பழுதுள்ள திரையில் பார்த்து ஒருத்தியின் வேலையைத் தீர்மானிப்பது நியாயமில்லை.

பெனிட்டா கத்தினாள். “ரெண்டு செட்லயும் ஒரே குறையாம்மா? அது எப்படி?”

“தரம் போச்சு. எல்லாத்துலயும் போச்சு.”

“நான் வர்றேம்மா ஒரு நாள். டாக்டர்ட்ட…”

குக்கர் கூப்பிடுகிறது என்று வைத்துவிட்டேன். குக்கர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

ஜூலை 10, புதன்

பென் டிரைவ் மேசை இழுப்பறையில் இருக்கிறது. சாப்பிடும்போது சோற்றில் இரண்டு கல் கடிபட்டது.

ஜூலை 12, வெள்ளி

மீதியுள்ள அறுநூறு அழைப்பிதழ்களிலும் பேனாவால் புள்ளி வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு கான்வென்டுக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. பழைய தையல் வகுப்பில் நான்கு சிஸ்டர்கள் நீள மேசையில் உட்கார்ந்து, பரீட்சை எழுதுகிற முகத்தோடு ஒவ்வொரு அட்டையிலும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

“எனக்கும் ஒரு கட்டு குடுங்க.”

சிஸ்டர் வின்சென்சியா தயங்கிவிட்டு ஒரு கட்டைத் தள்ளினார். இருபத்தைந்து அட்டை முடித்தேன். முதுகை நிமிர்த்தியபோது அவர் என் கட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். மேலே இருந்ததைப் பார்த்தார். அடுத்தது. அதற்கும் அடுத்தது. இளைய சிஸ்டர் ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“இதுல புள்ளி ‘வி’ மேல இருக்கு சிஸ்டர். இதுல வரிக்கு மேல…”

“நீ உன் வேலையப் பாரு” என்றார் சிஸ்டர் வின்சென்சியா. பிறகு என்னிடம், “களைச்சுட்டீங்க செசிலிம்மா. வாங்க, காபி குடிப்போம்” என்றார்.

அந்தக் கட்டை அலமாரிக்குள் வைத்தார். அதிலிருந்து யாருக்கும் அனுப்பமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அவர்கள் கொடுத்த பேனாவின் முனை தடிமன். என் பேனாவை எடுத்துப் போயிருக்க வேண்டும்.

ஜூலை 13, சனி

மலர்விழி போன் செய்தாள். “திங்கக்கிழமையிலேர்ந்து வரவேணாம்னுட்டாரும்மா.” அழவில்லை. “கம்ப்யூட்டர் வந்துருச்சாம்மா?” என்றாள்.

எது வாங்குவது என்று இன்னும் தீர்மானிக்கவில்லை என்றேன்.

“சரிம்மா” என்றாள்.

ஜூலை 15, திங்கள்

பென் டிரைவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கடை திறக்கிற நேரத்துக்குப் போனேன்.

சாதிக் ஒரு பெரிய மானிட்டரை மேசையில் பொருத்திக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு அங்குலம். கீழே தாங்கி இல்லை. மேசை விளிம்பில் இறுக்கிய இரும்புக் கை ஒன்று அதைப் பிடித்திருந்தது. இழுத்தால் முகத்துக்கு அருகில் வரும், தள்ளினால் போகும்.

“யாருக்கு இது?”

“உங்களுக்குத்தான் மாட்டிப் பாக்கறேன். ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாதும்மா. அந்த அட்டவணையப் பாருங்க. வலது கண்ண மூடுங்க.”

“எதுக்கு?”

“மூடுங்களேன்.”

மூடினேன். கோடுகள் கொஞ்சம் அலைந்தன, அவ்வளவுதான்.

“இப்ப அதத் திறந்துட்டு இடது கண்ண மூடுங்க.”

நடுவில் அட்டவணையே இல்லை. சாம்பல் கறை ஒன்று உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றிக் கோடுகள் உள்ளே விழுந்தன.

நான் கண்ணைத் திறந்து மூடி, திறந்து மூடி, நான்கு முறை பார்த்தேன். திரை ஒன்றுதான். கண்ணுக்கு ஏற்றபடி பழுது மாறியது.

“எங்கம்மாவுக்கும் இதேதாம்மா” என்றார், ஒயரைச் சுருட்டிக்கொண்டே. “ஜன்னல் கம்பி வளைஞ்சிருச்சுன்னு வெல்டிங்காரர வரச் சொன்னாங்க. அவரு, கம்பி நேராத்தான் இருக்குன்னாரு. எங்கம்மா, இவருக்கு வேலை தெரியல, வேற ஆளக் கூப்புடுன்னுட்டாங்க.”

“அப்புறம்?”

“மதுரைக்குக் கூட்டிட்டுப் போனோம். கண்ணுக்குள்ள ஊசி போட்டாங்க, மாசம் ஒண்ணுன்னு. போன பார்வை வரல. மிச்சம் இருந்தது நின்னுச்சு. நாங்கதான் லேட்டு.”

நான் கைப்பையைத் திறந்து பென் டிரைவைக் கொடுத்தேன். “இதப் போடுங்க. எவ்வளவு பெருசாக்க முடியுமோ ஆக்குங்க.”

ஜூன் 27, மாலை நாலரை மணி என்று கோப்பின் தேதி இருந்தது. நான் சீட்டு எழுதியதற்கு முதல் நாள். மூன்றாவது வரியைத் திரை முழுக்க விரித்து, இரும்புக் கையை இழுத்து என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நிறுத்தினார். ஒவ்வொரு எழுத்தும் இட்லித் தட்டு அளவு. நேராகப் பார்த்தால் கறை. முகத்தைக் கொஞ்சம் திருப்பிக் கண்ணின் ஓரத்தால் பார்த்தேன். ‘க’ இருந்தது. ‘ல’ இருந்தது. அதன் தலை வெறுமையாக இருந்தது.

“சாதிக், அத வாசிங்க.”

“நீங்களே வாசிங்கம்மா.”

“எனக்குத் தெரியற மாதிரிதான் உங்களுக்கும் தெரியுதான்னு பாக்கணும். வாசிங்க.”

அவர் கடை வாசலைப் பார்த்தார். “பெண்… அது வந்து… புள்ளி இல்லம்மா. ஆரம்பத்துலேர்ந்தே இல்ல.”

அன்று நான் பார்த்தது அந்த வரியை அல்ல. அங்கே என்ன இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதைப் பார்த்தேன். எத்தனை மாதமாக இப்படிப் பார்த்திருக்கிறேன் என்று தெரியவில்லை.

“இந்த மானிட்டரே இருக்கட்டும். சி.பி.யூ. தனியா. இந்தக் கையும் வேணும்.”

“உங்க பொண்ணு ஆல்-இன்-ஒன்தான்…”

“ஆல்-இன்-ஒன்ல கை இல்ல. நான் சொல்லிக்கிறேன்.”

ஜூலை 16, செவ்வாய்

அச்சகத்துக்குப் போனேன். முதலாளி எழுந்து நின்று நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. பின்னால் மிஷின் ஓட்டுகிறவர்கள், கட்டிங் செய்கிறவர்கள் எல்லாரும் இருந்தார்கள். இருக்கட்டும் என்றுதான் அந்த நேரத்துக்குப் போனேன்.

“அடிக்கறப்ப புள்ளிய விட்டது மலர்விழி. விட்டதக் கண்டுபிடிக்காம ‘அச்சிடலாம்’னு எழுதினது நான். டைப் பண்றவங்க கை தவறும். அதுக்குத்தான் ஒருத்தி மெய்ப்பு பாக்கறா. கடைசிக் கையெழுத்து யாரோடதோ, தப்பு அவங்களோடது.”

“விடுங்கம்மா, வயசான காலத்துல…”

“வயசப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலியே. மலர்விழிக்குப் போன் பண்ணுங்க. என் முன்னாடி.”

பண்ணினார்.

அங்கிருந்து கான்வென்ட். ‘புள்ளி இருந்தது’ என்று நான் சொன்னது பொய் என்று சிஸ்டரிடம் சொன்னேன். இருந்ததா என்று அன்று எனக்கே தெரியாது, தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

“வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும் செசிலிம்மா.”

“அப்ப ஏன் சொல்லல?”

“நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்.”

“நடுவுல மூணு நாள் ஒருத்தி வேலை இல்லாம இருந்தா சிஸ்டர்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதைச் சொல்ல எனக்கும் தகுதி இல்லை. ஆனாலும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றாமல் படுத்துவிட்டேன்.

ஜூலை 20, சனி

சாதிக் எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தார். மேசையின் கீழே கறுப்புப் பெட்டி, அதற்கு ஐந்து ஒயர். காலில் இடிக்கிறது. பார்க்கத் தாலுகா அலுவலகம் மாதிரி இருக்கிறது.

மாலை நாலு மணிக்கு மலர்விழி விழா மலரின் முதல் பதினாறு பக்கத்தோடு வந்தாள். நான் பேச ஆரம்பித்ததுமே, “விடுங்கம்மா, வேலையப் பாப்போம்” என்றாள். கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் உட்கார்ந்தாள்.

எனக்குத் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கினால் திரையில் நாலு சொல் கொள்கிறது. ஐந்தாவது சொல் வருவதற்குள் முதல் சொல் மறந்துவிடுகிறது. அதனால் அவள் மூலத்தைப் புள்ளி, கால், கொம்போடு சத்தமாக வாசித்தாள், நான் எழுத்தெழுத்தாகத் தொடர்ந்தேன். மூன்று பிழை பிடித்தேன். நான் விட்ட ஒன்றை அவள் பிடித்தாள். அதைச் சொல்ல அவளுக்குக் கொஞ்சம் நேரம் ஆனது.

ஒரு பக்கத்துக்கு ஐம்பது நிமிடம். இரண்டாவது பக்கத்தின் பாதியில் கழுத்து விறைத்தது, கண்ணில் நீர் வழிந்தது. நிறுத்தச் சொன்னேன்.

“மிச்சத்த நாளைக்குப் பாப்போமாம்மா?”

“வேணாம் மலர். சிஸ்டர்ட்ட சொல்லி வேற ஆளைப் பாக்கச் சொல்றேன். விழா மலர்ல ‘மெய்ப்பு’ன்னு போடற இடத்துல அவங்க பேரப் போடு.”

அவள் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

அவள் போன பிறகு பெனிட்டாவுக்குப் போன் செய்தேன். தனித்தனி செட் வாங்கியதற்கு ஏதாவது சொல்வாள் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் அதைக் கேட்கவே இல்லை. சாதிக் சொல்லியிருப்பார் போல.

“வியாழக்கிழமை மதுரை கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும்” என்றேன். “சொட்டு மருந்து விட்டா நாலு மணி நேரத்துக்கு ஒண்ணும் தெரியாதாம். தனியா திரும்பி வர முடியாது. நீ வரணும்.”

ஏன் என்று கேட்கவில்லை. என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. எப்போதிலிருந்து என்றும் கேட்கவில்லை. பின்னால் அவள் கணவர் ஏதோ கேட்டதும், அவள் போனைப் பொத்திக்கொண்டதும் காதில் விழுந்தது.

“புதன் சாயங்காலமே வந்துர்றேம்மா” என்றாள். “ராத்திரிக்கு எனக்கும் சேத்து சோறு வை.”